தேடுபவரும் தேடப்படுபவரும்: ஒரு சிறு டைரக்டரியின் கணக்கு

ஃபிலிம் கேமராக்களைப் பழுதுபார்ப்பவர்களின் விவரங்களை மட்டும் திரட்டித் தரும் இணைய டைரக்டரி ஒன்றை ஆறு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். 312 பதிவுகள் கொண்ட சிறிய தளம் அது. வருகையாளர்களில் பெரும்பாலோர் தேடுபொறியின் வழியாக வந்து, ஒன்றிரண்டு பக்கங்களைப் பார்த்து, தமக்கு வேண்டிய முகவரியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இப்படி ஒரு தளத்தை எவ்வாறு கட்டுவது, அதிலிருந்து எவ்வாறு வருமானம் பெறுவது என்று கேட்டு எனக்கு மின்னஞ்சல்கள் வருவதுண்டு. கேட்பவர்கள் பெரும்பாலும் மென்பொருளிலிருந்தே தொடங்குகிறார்கள். வேர்ட்பிரஸ் போதுமா, எந்தத் தீம் வாங்கலாம், தரவுகளை எங்கிருந்து எடுக்கலாம் என்பவையே அவர்களுடைய கேள்விகள். நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். இன்று புதிதாகத் தொடங்குவதாக இருந்தால், இந்தத் துறையில் யாருக்கு யார் கிடைக்காமல் இருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் விசாரிப்பேன். அதை விசாரிக்காமல் போனதால் இரண்டு ஆண்டுகளை இழந்தேன்.

டைரக்டரி என்பது பழைய தொழில். 1878ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வெளியான முதல் தொலைபேசி டைரக்டரி ஒரே ஒரு தாள்தான். அதில் 50 பெயர்கள் இருந்தன, எண்கள் இல்லை. ஆனால் வீடுகள், மருத்துவர்கள், பல் மருத்துவர்கள், கடைகள் என்று வகைபிரித்திருந்தார்கள். இணையத்திலும் தொடக்கம் அப்படித்தான் இருந்தது. யாஹூ 1994இல் இரண்டு மாணவர்கள் கையால் வகைபிரித்துத் தொகுத்த தளப்பட்டியலாகத்தான் பிறந்தது. 1998இல் தொடங்கிய டிமாஸ், தன்னார்வத் தொகுப்பாளர்களைக் கொண்டு இணையம் முழுவதையும் வகைபிரிக்க முயன்றது. யாஹூ தன் டைரக்டரியை 2014இன் இறுதியில் மூடியது. டிமாஸ் 2017இல் மூடப்பட்டது. இணையத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்துத் தரும் வேலையைத் தேடுபொறிகளே செய்யத் தொடங்கிய பிறகு, எல்லாவற்றுக்குமான டைரக்டரிக்கு வேலை இல்லாமல் போயிற்று. எஞ்சியிருப்பது, இணையத்தில் எங்குமே எழுதப்படாத விவரங்களைத் திரட்டும் வேலை. சிறு டைரக்டரிகளுக்கு இடம் இருப்பது அங்கேதான்.

ஃபிலிம் கேமரா பழுதுபார்ப்பு அப்படிப்பட்ட துறை. கேனான் தன்னுடைய கடைசி ஃபிலிம் கேமராவின் விற்பனையை 2018இல் நிறுத்தியது, நிக்கான் எஃப்6 தயாரிப்பும் 2020இல் நின்றது. ஆனால் பழைய கேமராக்களை வாங்கிப் பயன்படுத்தும் இளைஞர்கள் பெருகினார்கள். 2024இல் பென்டாக்ஸ் புதிதாக ஒரு ஃபிலிம் கேமராவையே வெளியிட்டது. கருவிகள் ஐம்பது அறுபது வயதானவை, அவற்றைத் திறந்து சரிசெய்யத் தெரிந்தவர்களில் பலருக்கும் ஏறக்குறைய அதே வயது. அவர்களில் பெரும்பாலோருக்கு இணையதளம் கிடையாது. இருந்தாலும், எந்த மாடலைத் தொடுவார்கள், எதைத் தொடமாட்டார்கள் என்பது அதில் இருக்காது.

தேடுபவர்களோ மாடலின் பெயரைச் சொல்லித்தான் தேடுகிறார்கள். "கேமரா பழுதுபார்ப்பவர்" என்று பொதுவாகத் தேடுபவர்களைப் பிடிக்க வரைபடச் செயலிகளும் பெரிய தளங்களும் முன்னால் நிற்கின்றன. அங்கே போட்டியிட்டு எனக்குப் பயனில்லை. ஆனால் கேனான் ஏஇ-1 ஷட்டரை அழுத்தும்போது கீச்சென்று ஒலி வருகிறது என்றோ, ஒலிம்பஸ் ஓஎம்-1இன் ஒளிமானி தவறாகக் காட்டுகிறது என்றோ தேடுபவருக்கு உருப்படியான பக்கம் அநேகமாகக் கிடைப்பதில்லை. முதலாவது, கண்ணாடியை இயக்கும் பொறிக்குள் மசகெண்ணெய் காய்ந்துபோவதால் வருவது. இரண்டாவதில், 1.35 வோல்ட் பாதரச மின்கலத்துக்காக வடிவமைக்கப்பட்ட கருவியில் இன்றைய 1.5 வோல்ட் மின்கலத்தைப் போடுவதே பல நேரங்களில் காரணமாக இருக்கும். இப்படிப்பட்ட ஒவ்வொரு தேடல்சொல்லையும் மாதத்துக்கு மிகச் சிலரே தேடுவார்கள். தேடல்சொல் ஆய்வுக்கான கருவிகள் பலவற்றில் அந்த எண்ணிக்கை பூஜ்யம் என்றே தெரியும். ஆனால் தேடுபவர் கையில் பழுதான கேமராவை வைத்துக்கொண்டு தேடுகிறார், சரிசெய்யும் ஆள் கிடைத்தால் அன்றே எழுதிவிடுவார். என் தளத்தின் வருகைகள் பெரும்பாலும் இத்தகைய நூற்றுக்கணக்கான சிறு தேடல்களிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சேர்பவை.

இதை நான் தொடக்கத்திலேயே ஓரளவு உணர்ந்திருந்தேன், ஆனால் தவறான முடிவுக்கு வந்தேன். மாடலின் பெயரும் இடத்தின் பெயரும் சேர்ந்த தேடல்கள் வருகின்றன என்றால், எல்லா மாடல்களையும் எல்லா இடங்களோடும் இணைத்துப் பக்கங்களை உருவாக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். 180 மாடல்கள், 90 இடங்கள், ஆக 16,200 பக்கங்கள். தளத்தின் பக்க முகவரிகளைத் தேடுபொறிக்குத் தெரிவிக்கும் சைட்மேப் கோப்பு ஒன்று 50,000 முகவரிகள் வரை ஏற்கும் என்பதால் எல்லாம் ஒரே கோப்பில் அடங்கின. ஒரே இரவில் தளம் பெரிதாகிவிட்டது போலத் தோன்றியது. அப்போது என்னிடம் இருந்த உண்மையான பதிவுகளோ 60கூட இல்லை. பெரும்பாலான பக்கங்களில் தலைப்பும் இரண்டு வரி முன்னுரையும் "இந்த இடத்தில் இன்னும் யாரும் பதிவாகவில்லை" என்ற வாசகமும் மட்டுமே இருந்தன.

கூகுள் அவற்றை மதிக்கவில்லை. தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று அதன் உரிமையாளருக்குக் காட்டும் சர்ச் கன்சோலில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் "கண்டறியப்பட்டது, தற்போது இன்டெக்ஸ் செய்யப்படவில்லை" என்ற வரிசையில் மாதக்கணக்கில் கிடந்தன, அதாவது தேடல் முடிவுகளில் காட்டுவதற்கான பட்டியலில் அவை சேரவே இல்லை. கூடவே, அதுவரை ஓரளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த நல்ல பக்கங்களைத் தேடுபொறி மீண்டும் வந்து பார்ப்பதும் குறைந்தது. ஒரே இடத்துக்குப் பயனரை அழைத்துச்செல்வதற்காகத் தேடல்சொல்லை மட்டும் மாற்றி உருவாக்கும் வாசல் பக்கங்கள், கூகுளின் விதிகள் வெகுகாலமாகவே தடுத்துவரும் ஒன்று. 2024 மார்ச்சில் அது அறிவித்த விதிகள், மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், பயனற்ற பக்கங்களைப் பெருமளவில் உற்பத்தி செய்வதையே முறைகேடு என்று தெளிவாக வரையறுத்தன. நான் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அந்த 16,200 பக்கங்களையும் நீக்கிவிட்டேன். அன்று ஏற்படுத்திக்கொண்ட விதியை இன்றுவரை மாற்றவில்லை. குறைந்தது மூன்று சரிபார்த்த பதிவுகள் இல்லாத எந்தத் தொகுப்புப் பக்கமும் என் தளத்தில் பிறக்காது. விலை, வகை, தூரம் என்று பயனர் வடிகட்டும்போது உருவாகும் முகவரிகளும் இன்டெக்ஸுக்குப் போகாதபடி அடைத்துவைத்திருக்கிறேன். வடிகட்டிகள் நான்கு சேர்ந்தாலே முகவரிகள் ஆயிரக்கணக்கில் பெருகிவிடும். டைரக்டரி கட்டுபவர்கள் கவனிக்காமல் விடும் பள்ளம் இது.

பக்கங்களை நீக்கியபின் மிஞ்சியது தரவு பற்றிய கேள்வி. பிற தளங்களிலிருந்து பெயரையும் முகவரியையும் அள்ளிக்கொள்வது எளிது, பலரும் செய்கிறார்கள். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் ரூரல் என்ற தொலைபேசி நிறுவனத்தின் டைரக்டரியிலிருந்து ஃபைஸ்ட் என்ற பதிப்பகம் பதிவுகளை எடுத்துக்கொண்டது. நகலெடுப்பவர்களைக் கண்டுபிடிப்பதற்காக ரூரல் தன் பட்டியலில் கற்பனைப் பதிவுகளைச் செருகியிருந்தது. அவற்றில் நான்கு ஃபைஸ்டின் டைரக்டரியிலும் அப்படியே வந்துவிட்டன. ஆனாலும் 1991இல் உச்ச நீதிமன்றம் ஃபைஸ்டுக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. பெயரும் ஊரும் எண்ணும் வெறும் தகவல்கள், அவற்றை அகரவரிசையில் அடுக்குவதில் படைப்பு எதுவும் இல்லை, ஆகவே பதிப்புரிமை கிடையாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போயிற்று. 1996ஆம் ஆண்டின் தரவுத்தள நெறிமுறை, பெருமுதலீடு செய்து தரவுகளைத் திரட்டியவருக்கு 15 ஆண்டுகள் தனி உரிமை வழங்குகிறது. சட்டம் போக, ஒப்பந்தங்களும் உண்டு. கூகுள் வரைபடத்தின் தரவுகளை எடுத்து நம் தரவுத்தளத்தில் நிலையாகச் சேமித்துக்கொள்ள அதன் நிபந்தனைகள் பொதுவாக இடம் தருவதில்லை. தன்னார்வலர்கள் உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவுகளைப் பயன்படுத்தலாம், ஆனால் மூலத்தைக் குறிப்பிட வேண்டும், அதிலிருந்து உருவாக்கும் தரவுத்தளத்தை வெளியிடும்போது அதே உரிமத்தில் பிறருக்கும் திறந்துவிட வேண்டும்.

ஃபைஸ்ட் வழக்கை நான் வேறொரு காரணத்துக்காகவும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நகலெடுக்கக்கூடிய தகவல் என்றால், நான் எடுத்ததை நாளை இன்னொருவரும் எடுத்துக்கொள்வார். அதில் என்னுடைய உழைப்பு என்று எதுவும் நிற்காது. எனவே பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் நானே கடிதமோ மின்னஞ்சலோ எழுதத் தொடங்கினேன், முடிந்தவர்களிடம் தொலைபேசியில் பேசினேன். ஏழு கேள்விகள் வைத்திருந்தேன். எந்த மாடல்களைத் திறப்பீர்கள், எவற்றை மறுப்பீர்கள், துணி ஷட்டரை மாற்றுவீர்களா, மின்னணுச் சுற்றுப் பழுதானால் பார்ப்பீர்களா, பார்சலில் வரும் கேமராவை ஏற்பீர்களா, இப்போது எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும், வேலைக்கு எத்தனை மாதம் உத்தரவாதம் தருவீர்கள் என்பவை அவை. "மறுப்பீர்கள்" என்ற கேள்விக்கு வந்த பதில்கள்தான் எல்லாவற்றிலும் மதிப்புமிக்கவை. எல்லாக் கேமராக்களையும் பார்ப்போம் என்று விளம்பரப்படுத்தியிருந்த ஒருவர், 1980களுக்குப் பிந்தைய எதையும் தொடுவதில்லை என்று என்னிடம் சொன்னார். அந்த ஒரு வரி அவருடைய சொந்தத் தளத்தில்கூட இல்லை.

அந்த உரையாடல்களில்தான் முதல் பத்தியில் சொன்ன கேள்விக்கு விடை கிடைத்தது. நான் என்ன நினைத்திருந்தேன் என்றால், வாடிக்கையாளர்களை அனுப்பிவைப்பதற்கு இவர்கள் மகிழ்ந்து பணம் தருவார்கள் என்று. பேசியவர்களில் பெரும்பாலோர் அதற்கு நேர்மாறான நிலையில் இருந்தார்கள். மேசையில் நாற்பது கேமராக்கள் காத்துக்கிடக்கின்றன, மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவே நேரமில்லை, தயவுசெய்து இன்னும் ஆட்களை அனுப்பாதீர்கள் என்று ஒருவர் கிட்டத்தட்டக் கெஞ்சினார். பற்றாக்குறையில் இருந்தது தேடுபவர் பக்கம். தேடப்படுபவருக்கு ஆள் தேவைப்படவில்லை, தவறான ஆட்கள் வராமல் இருப்பதே தேவைப்பட்டது. வழக்கறிஞர், குழாய் பழுதுபார்ப்பவர், வீடு மாற்றித் தருபவர் போன்ற துறைகளில் நிலைமை தலைகீழாக இருக்கலாம். அங்கே ஒவ்வொரு விசாரணைக்கும் தொகை வாங்குவது நடைமுறையில் உள்ளது. ஒரு துறையில் வேலை செய்யும் வருமான வழியை இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதை அன்று விளங்கிக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒரு வருத்தமான நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஒரு பயனர், என் தளத்தில் இருந்த முகவரிக்குத் தன் தந்தையின் லைக்கா எம்3 கேமராவைப் பார்சலில் அனுப்பினார். அந்தப் பழுதுபார்ப்பவர் அதற்கு ஓராண்டுக்கு முன்பே காலமாகிவிட்டிருந்தார். பட்டறை பூட்டிக்கிடந்தது. பார்சல் எங்கெங்கோ சுற்றி ஏழு வாரங்களுக்குப் பிறகு உரியவரிடம் திரும்பியது. அந்த ஏழு வாரமும் அவர் எனக்கு எழுதிய கடிதங்களில் கோபத்தைவிடக் கலக்கமே அதிகம் இருந்தது. என் பதிவு அச்சிட்டாற்போல அழகாக இருந்தது, உண்மையாக மட்டும் இல்லை. அதன்பின் ஒவ்வொரு பதிவின் தலையிலும் "கடைசியாகச் சரிபார்த்த நாள்" என்ற வரியைச் சேர்த்தேன். ஆறு மாதம் தாண்டிய பதிவு மங்கலாகத் தெரியும், தொடர்பு எண் மறைந்துவிடும். பன்னிரண்டு மாதம் தாண்டினால் பட்டியலிலிருந்தே விலகிவிடும். இதனால் வருகை குறையும் என்று அஞ்சினேன். சில பக்கங்களில் குறையவும் செய்தது. ஆனால் என் தளத்தின் வழியாகக் கேமராவை அனுப்பியவர்கள் வேறு தளங்களில் என் பக்கத்தைச் சுட்டி எழுதத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். நான் கேட்டுப் பெறாத அந்த இணைப்புகளே தேடல் முடிவுகளில் தளத்தை மேலே கொண்டுவந்தன என்று நம்புகிறேன்.

தேடுபொறிக்காகச் செய்ய வேண்டிய மற்ற வேலைகள் பல இடங்களில் விரிவாக எழுதப்பட்டுள்ளவை, அவற்றில் நான் புதிதாகச் சேர்க்க அதிகம் இல்லை. பக்கத் தலைப்பில் மாடலின் பெயரும் பதிவுகளின் எண்ணிக்கையும் இருக்கட்டும். பக்கத்தில் எது பெயர், எது முகவரி என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஸ்கீமா குறிகளை இடுங்கள், ஆனால் நட்சத்திர மதிப்பீடுகளைப் போலியாக நிரப்பாதீர்கள். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவுகளையே வைத்திருக்கும், அதன் திரையில் 1,000 வரிகளே தெரியும் என்பதால் மாதந்தோறும் இறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்புகளைத்தான் நான் அதிகம் வாசிக்கிறேன். பக்கமே இல்லாத ஒரு மாடலின் பெயர் அதில் திரும்பத் திரும்பத் தென்பட்டால், அந்த மாடலைப் பார்ப்பவர் யார் என்று விசாரிக்கக் கிளம்புவேன்.

இனி வருமானம். முதல் வழி எல்லோருக்கும் தெரிந்த ஆட்சென்ஸ், அதாவது தளங்களில் கூகுள் இடும் விளம்பரங்கள். நூறு டாலர் சேர்ந்த பிறகே பணம் வரும் என்ற வரம்பை முதன்முறை தொட எனக்கு ஏழு மாதங்கள் பிடித்தன. வருகையாளர் ஒரு முகவரியைத் தேடி வந்து ஒரு நிமிடத்தில் போய்விடும் தளத்தில் விளம்பரத்தால் பெரிதாகச் சம்பாதிக்க முடியாது, அவர் விரைவாகப் போய்விடுவதுதான் தளம் நன்றாக இருப்பதன் அடையாளமும்கூட. விளம்பரங்களைக் கூட்டினால் பக்கம் தாமதமாகத் திறந்தது. இரண்டாம் ஆண்டிலேயே அவற்றை எடுத்துவிட்டேன்.

பழுதுபார்ப்பவர்களின் சுமையை அறிந்த பிறகு ஒரு விசாரணைப் படிவத்தை உருவாக்கினேன். கேமராவின் மாடல், பழுதின் தன்மை, எப்போதிலிருந்து, யாராவது முன்பே திறந்தார்களா, எந்த மின்கலம் போடப்பட்டிருக்கிறது என்று அது கேட்கும், மூன்று படங்களைப் பெற்றுக்கொள்ளும். அந்தப் பழுதுபார்ப்பவர் ஏற்காத மாடலாக இருந்தால் விசாரணை அவருக்குப் போகவே போகாது, ஏற்கக்கூடிய வேறொருவரைப் பயனருக்குக் காட்டும். மேசை நிரம்பியிருக்கும் நாட்களில் அவர் ஒரு பொத்தானை அழுத்தி வரவை நிறுத்திவைக்கலாம். ஒரு விசாரணைக்கு நான்கு மின்னஞ்சல்கள் எழுதிக்கொண்டிருந்தவர் இப்போது ஒன்று எழுதினால் போதும். இதற்காக ஆண்டுச் சந்தா செலுத்த 58 பேர் முன்வந்தார்கள். வாடிக்கையாளர்களை அனுப்புவதாகச் சொல்லி நான் முன்பு கேட்டபோது அவர்களில் பலர் மறுத்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சந்தா கட்டாதவரின் பதிவும் அதே முழு விவரங்களோடு, அதே வரிசையில்தான் இருக்கிறது.

மூன்றாவது வழி, தேடுபவர் பக்கத்தைச் சார்ந்தது. கேமரா சரியானவுடன் அவருக்கு ஃபிலிமைக் கழுவித்தரும் கூடம் வேண்டும், பழைய பாதரச மின்கலத்துக்கு மாற்றான அடாப்டர் வேண்டும், அழுகிப்போன ஒளித்தடுப்புப் பஞ்சுக்குப் பதில் புதியது வேண்டும். இவற்றை விற்பவர்களுக்கு ஆள் தேவை, அவர்கள் விளம்பரத்துக்குப் பணம் தருவார்கள். அந்த இடங்கள் "விளம்பரம்" என்ற சொல்லோடு தனிக்கட்டத்தில் இருக்கின்றன. அவற்றின் இணைப்புகளில், கூகுள் 2019இல் அறிமுகப்படுத்திய "ஸ்பான்சர்டு" குறியை, பணம் பெற்ற இணைப்பு இது என்று தேடுபொறிக்குச் சொல்வதற்காக, இடுகிறேன். பணம் வாங்கிக்கொண்டு இணைப்பைத் தருவதையே தொழிலாகக் கொண்ட டைரக்டரிகள் கூகுள் தன் தரவரிசை முறையில் 2012இல் செய்த பெங்குவின் மாற்றத்தில் எப்படி மதிப்பிழந்தன என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குறியின் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை.

பட்டியலில் முதலிடத்தை விலைக்குக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மிக நல்ல வேலைக்காரர், தரவந்த தொகையும் அந்த ஆண்டின் சந்தா முழுவதற்கும் ஏறக்குறைய ஈடானது. நான் இரண்டு நாள் யோசித்து மறுத்தேன். ஒலிம்பஸ் கேமராவோடு வருபவருக்கு, ஒலிம்பஸையே அதிகம் பார்த்த கைகளை முதலில் காட்ட வேண்டும். அந்த வரிசையை விற்றுவிட்டால், வரைபடச் செயலியை விட்டு அவர் என் தளத்துக்கு வருவதற்குக் காரணமே இருக்காது.

தேடல் வருகையின் தன்மையும் மாறிவருகிறது. 2024இல் கூகுள் தேடல் முடிவுகளின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கங்கள் பரவலாக வரத் தொடங்கிய பிறகு, கீச்சென்ற ஒலி எதனால் வருகிறது என்ற வகைக் கேள்விகளுக்கான என் விளக்கப் பக்கங்களின் வருகை கண்ணுக்குத் தெரியும் அளவில் குறைந்துவிட்டது. விடை மேலேயே கிடைத்துவிடுகிறது. யார் சரிசெய்வார், இந்த மாதம் அவர் ஏற்கிறாரா என்ற கேள்விகளுக்கான பக்கங்கள் மட்டும் அநேகமாக அப்படியே நிற்கின்றன. ஆகவே விளக்கக் கட்டுரைகள் எழுதும் நேரத்தைக் குறைத்துச் சரிபார்ப்புக்கு ஒதுக்குகிறேன். காத்திருப்புக் காலம் குறைந்தவுடன் தெரிவிக்கும் மின்னஞ்சல் சேவை ஒன்றையும் தொடங்கியிருக்கிறேன். அதில் சேர்ந்தவர்கள் அடுத்த முறை தேடுபொறி வழியாக வரவேண்டியதில்லை.

தொடங்க நினைப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன். தளத்தைக் கட்டுவதற்கு முன் உங்கள் துறையில் இருபது பேரிடம் பேசுங்கள், அவர்களில் எத்தனை பேர் புதிய வாடிக்கையாளரை விரும்புகிறார்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை எதை விற்கலாம் என்று சொல்லிவிடும். என்னுடைய இந்த வாரச் சரிபார்ப்பில் இன்னும் 41 பதிவுகள் மிச்சமிருக்கின்றன. அவற்றில் ஒன்பது பேர் தொலைபேசியை மட்டுமே எடுப்பவர்கள், அதுவும் பட்டறை மூடிய பிறகு மாலையில்தான்.